மிசின் நின்றால்

டோட்முண்ட், ஜேர்மனி
9 பெப்ரவரி 1999

மதிப்பிற்குரிய சிவலட்சுமி ரீச்சர் அவர்களுக்கு,

உங்களை என்னவென்று அழைத்து எழுதுவது என்று யோசித்ததில் இரண்டு தாள் வீணாகிவிட்டது. ஊரில் எல்லோரும் ரீச்சர் என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். மச்சாள் என்று தொடங்கினால் வாசிக்காமலே மடித்து வைத்துவிடுவீர்களோ என்று பயம். நான் கலிஸ்ரா. உங்கள் தம்பி கதிர்காமநாதனின் மனைவி.

உங்கள் அம்மா காலமானபோது நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதன்பிறகு இவர் எழுதியவற்றுக்கும் நீங்கள் பதில் போடவில்லை. ஏன் என்று கேட்க இதை எழுதவில்லை.

இவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததாமே, அப்போதே இதயத்தின் ஒரு வால்வு பழுதாகியிருக்கிறது. இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் வெளியே போகிற வாசலில் இருக்கும் வால்வு. அது ஒழுங்காக மூடாததால் வெளியே போன இரத்தம் திரும்பவும் உள்ளே ஒழுகுகிறது. அந்த ஒழுக்கோடு இத்தனை வருடம் மல்லுக்கட்டியதில் இதயம் வீங்கித் தளர்ந்துவிட்டது. செத்துப்போன யாருடைய இதயமாவது கிடைத்தால் மாற்றுவார்கள். அது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் வயிற்றுக்குள் ஒரு பம்ப் வைக்க வேண்டும் என்கிறார்கள். பற்றறியில் ஓடுகிற மிசின். இதயத்தின் அடிப்பக்கத்திலிருந்து இரத்தத்தை இழுத்து, மேலே போகிற பெரிய குழாய்க்குள் தள்ளும்.

மிசினுக்கு இவர் சம்மதம். ஆனால் மிசின் வைப்பதென்றால் ஒழுகுகிற அந்த வால்வை ஒரேயடியாகத் தைத்து மூட வேண்டும் என்கிறார் டொக்டர். அதற்குத்தான் இவர் முரண்டு பிடிக்கிறார்.

"தைச்சு மூடினால் பிறகு மிசின்தான் எல்லாம். மிசின் நிண்டால் நானும் நிண்டன். கரண்டை நம்பிச் சீவிச்ச ஆக்களே நாங்கள்?" என்கிறார்.

இந்த நாட்டில் கரண்ட் போகாது என்று டொக்டர் சொன்னார். இவர் அந்த மனிசனின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். "எங்கட ஊரிலையும் தொண்ணூறாம் ஆண்டு வரைக்கும் உப்பிடித்தான் சொன்னவங்கள்" என்று என்னிடம் தமிழில் சொல்லி, அதை மொழிபெயர்க்கவும் சொன்னார். இங்கே வந்து இவ்வளவு காலமாகியும் எங்கள் வீட்டில் ஒவ்வொரு அறையிலும் மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும் இருக்கிறது. குசினியில் ஒரு மண்ணெண்ணெய் விளக்குக்கூட உண்டு.

நான் சொல்லிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். கடைசியாக, "அக்காவைக் கேள். அவா பிசிக்ஸ் படிச்சவா. அவா சரியெண்டால் சரி" என்றார். பதினாறு வருடம் கூட இருக்கிற என் சொல் எடுபடவில்லை. ஏழு வருடம் பேசாத உங்கள் சொல் எடுபடும். ஆகவே எழுதுகிறேன்.

தபாலை நம்ப முடியாது. வவுனியாவில் நெளுக்குளத்தில் இருக்கிற என் சித்தப்பா யாகப்புவுக்கு இதை ஃபாக்ஸ் பண்ணுகிறேன். வன்னிக்கு வருகிற யாரிடமாவது அவர் கொடுத்துவிடுவார். உங்கள் பதிலையும் அவரிடமே சேர்ப்பியுங்கள்.

இப்படிக்கு,
கலிஸ்ரா

*

விசுவமடு
20 பெப்ரவரி 1999

கலிஸ்ராவுக்கு,

கடிதம் கிடைத்தது. மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு வரி அழிந்திருந்தாலும் பொருள் விளங்கியது.

அம்மாவின் செத்தவீட்டுக்கு ஒரே மகன் வரவில்லை. நீதான் போகவிடவில்லை என்று நீயே அப்போது எழுதியிருந்தாய். காரணம் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

நான் டொக்டர் இல்லை. பேராதனையில் பௌதிகம் படித்தேன், இங்கே ஒரு கொட்டிலில் உயர்தர வகுப்புக்கு அதைப் படிப்பிக்கிறேன். உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாது. பம்ப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். விற்கிறவன் தன் மிசினில் குறை சொல்லமாட்டான், வெட்டுகிறவர் தன் கத்தியில் குறை சொல்லமாட்டார். ஆகவே நான் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழுதான வால்வைக் கழற்றிவிட்டுப் புதிய வால்வு வைக்கிறார்களே, அதை ஏன் இவனுக்குச் செய்யவில்லை? வால்வைத் தைக்காமல் மிசினை மட்டும் வைத்தால் தள்ளுகிற இரத்தத்தில் எவ்வளவு திரும்பி வரும்? அளந்து பார்த்தார்களா, அல்லது வாயால் சொல்கிறார்களா? பற்றறி தீர்வதற்கு முன் சத்தம் ஏதும் போடுமா? பற்றறியும் கரண்டும் இருக்கும்போதே மிசின் பழுதாகி நின்றால் என்ன செய்வது? கடைசியாக, வீட்டில் அவனோடு யார் இருப்பது? நீ வேலைக்குப் போகிறாய் என்று முன்பு கேள்விப்பட்டேன்.

இதையெல்லாம் டொக்டரிடம் கேள். அவர் கோபித்தால் கோபிக்கட்டும்.

நாதன் கரண்டை நம்பமாட்டேன் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இங்கே கரண்ட் நின்று ஒன்பதாவது வருடம். வன்னிக்குள் பற்றறி கொண்டுவர இராணுவத் தடை. ரோச் பற்றறி ஒன்றைச் சட்டைப்பையில் மறந்து வைத்துக்கொண்டு வந்த ஒரு வயோதிபரைச் சோதனைச் சாவடியில் அரைநாள் வெயிலில் இருத்தி வைத்தார்கள். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடுகிறது. சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். இப்படியான இடத்தில் இருந்துகொண்டு, "உன் உயிரைப் பற்றறியிடம் கொடு" என்று அவனுக்கு நான் எழுத வேண்டும் என்கிறாய். எழுதலாம். முதலில் பதில்கள் வரட்டும்.

சி. சிவலட்சுமி

*

டோட்முண்ட்
4 மார்ச் 1999

அன்புள்ள ரீச்சருக்கு,

உங்கள் கேள்விகளை ஜேர்மன் மொழியில் எழுதிக்கொண்டு போய் டொக்டரின் மேசையில் வைத்தேன். கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "யார் இதைக் கேட்டது? எந்த ஆஸ்பத்திரி?" என்றார். "ஆஸ்பத்திரி இல்லை. எங்கள் வீட்டு ரீச்சர்" என்றேன். சொல்லும்போது முதுகு நிமிர்ந்துதான் சொன்னேன். அதை மறைக்கவில்லை.

புதிய வால்வு வைக்க ஒப்பரேசன் நீளுமாம். அவ்வளவு நேரம் இவரின் இதயம் தாங்காது. அதோடு, மிசின் ஓடத் தொடங்கினால் இரத்தம் முழுவதும் மிசின் வழியாகவே போகும். அந்த வால்வுக்குத் திறந்து மூடுகிற வேலை இருக்காது. அசையாமல் கிடக்கிற புது வால்வில் இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து உண்டாம். தைக்காமல் விட்டால் மிசின் தள்ளுவதில் பாதிக்குக் கிட்டத் திரும்பி உள்ளே வந்துவிடும். வாயால் சொன்னதில்லை, படம் எடுத்துப் பார்த்துச் சொன்னது. பற்றறி தீர முன்னரே மிசின் கத்தும். இரண்டு பற்றறி ஒன்றாய் ஓடும், ஒன்றை மாற்றும்போது மற்றது ஓடிக்கொண்டிருக்கும். படுக்கும்போது சுவர்க் கரண்டில் கொழுவ வேண்டும்.

எல்லாமே நின்றுவிட்டால் கையால் அடிக்கிற ஒரு பம்ப் உண்டு. உள்ளங்கைக்கு அடங்காத றப்பர்க் குமிழ். வயிற்றால் வெளியே வருகிற குழாயில் அதைப் பொருத்தி, உதவி வரும்வரைக்கும் அமத்தி அமத்தி விட வேண்டும். என்னிடம் ஒன்றைத் தந்திருக்கிறார்கள், பழகுகிறேன். வீட்டில் அவரோடு யார் என்று கேட்டீர்கள். முதியோர் இல்லத்து வேலையை விட்டுவிட்டேன். நான்தான்.

இவர் குமிழைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். "பாப்பம், உன்ர கையிலை தொங்கிக்கொண்டு சீவிக்கச் சொல்லுறியோ?" என்கிறார். "ஏன், என்ர கைக்கு என்ன குறை?" என்றேன். "கைக்குக் குறையில்லை. தொங்கிறவனுக்குத்தான் குறை" என்கிறார். இந்த மனிசனின் வீம்பு உங்களுக்குத் தெரியும்தானே. எங்கிருந்து வந்ததென்று நான் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றுக்கும் பதில் எழுதுகிறேன். அம்மாவின் செய்தி வந்த அன்றைக்கே இவர் ரிக்கற் போட்டுவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது உதடு நீலமாகி அப்படியே குந்திவிட்டார். கொழும்பில் இறங்கி, வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து வெட்டைவெளியால் மைல் கணக்கில் நடந்து விசுவமடுவுக்கு வர வேண்டும். நான் பாஸ்போட்டை எடுத்து ஒளித்தேன். "எனக்கு நெஞ்சு வருத்தமெண்டு அக்காவுக்கு எழுதாதை" என்று சத்தியம் வாங்கினார். சத்தியத்தைக் காப்பாற்றினேன். பழியும் என்னிடமே இருந்தது. இப்போது சத்தியத்தை உடைத்துவிட்டேன்.

கால் வீங்கத் தொடங்கிவிட்டது. இந்த மாத முடிவுக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதன்பின் ஒப்பரேசனைத் தாங்க உடம்பு இருக்காது என்கிறார்கள். "அக்காவை வரைஞ்சு காட்டச் சொல்லு. அவா வரைஞ்சால் எனக்கு விளங்கும்" என்கிறார். தயவுசெய்து கெதியாக வரைந்து அனுப்புங்கள்.

கலிஸ்ரா

*

டோட்முண்ட்
25 மார்ச் 1999

ரீச்சருக்கு,

உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சித்தப்பாவிடம் ரெலிபோனில் கேட்டேன், அவருக்கும் ஒன்றும் வரவில்லையாம்.

இவர் ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்க்கிறார். நேற்று, "அக்கா பதில் போடேல்லையெண்டால் அதுதான் பதில். அவா வேண்டாமெண்டு சொல்லுறா" என்றார். "வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு எழுதுற ஆள்தானே அவா" என்றேன். "உனக்கு அவாவைத் தெரியாது. அவா கோபமெண்டால் எழுதமாட்டா" என்றார்.

அம்மாவின் விஷயத்தில் நான் எழுதியதை நீங்கள் நம்பவில்லையோ? நம்ப வேண்டாம். என்னை மச்சாளாக எடுக்கவும் வேண்டாம். ஆனால் இந்த முறை உங்கள் மௌனம் எனக்கு வரவில்லை. அது அவருக்குப் போய்ச் சேருகிறது. அதை மட்டும் யோசியுங்கள்.

கலிஸ்ரா

*

விசுவமடு
26 மார்ச் 1999

அன்புள்ள கலிஸ்ராவுக்கு,

உன் கடிதம் கிடைத்த மறுநாளே நான் பதில் எழுதி அனுப்பினேன். அது உன்னிடம் வந்து சேரவில்லை என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

நாதன் கேட்டபடி வரைந்தேன். ஒரு மனிதனின் உருவம். இடுப்பில் பட்டி. பட்டியின் இரண்டு பக்கமும் பற்றறி. பற்றறியிலிருந்து வயர் வயிற்றுக்குள் போகிறது. நெஞ்சுக்கு நேரே ஒரு வட்டம், அம்புக்குறிகள். வகுப்புக்கு வரைகிற மாதிரி அளவாக, அழகாக வரைந்தேன். பக்கத்து வளவு வடிவம்மா கண் ஒப்பரேசனுக்கு வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகிறா என்று கேள்விப்பட்டு, அவவின் கையில் கொடுத்துவிட்டேன்.

இடுப்பில் பற்றறியும் வயிற்றில் வயரும் உள்ள மனிதனின் படத்தை வன்னியிலிருந்து கொண்டு போகிறவளைச் சாவடியில் என்ன செய்வார்கள் என்று என் மூளைக்கு எட்டவில்லை. சாவடிக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும்.

"இது ஆரின்ரை படம்? எந்த இடத்திலை வெடிக்கும்?" என்று கேட்டார்களாம்.

"வெடிக்கிறதோ? ஐயா, இது நெஞ்சு வருத்தக்காரன்ரை படம்."

"நெஞ்சு வருத்தத்துக்கு ஏன் வயர்?"

"அது எனக்கெங்கை தெரியும்? எனக்குக் கண்ணே தெரியாது. வரைஞ்ச ரீச்சரைக் கேளுங்கோ."

இரண்டு நாள் வைத்திருந்து விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண் ஒப்பரேசன் தவறிவிட்டது. வடிவம்மா வேலியோடு நின்று இதைச் சொல்லிவிட்டு, "இனி உன்ர கடுதாசிக்கு வேறை ஆளைப் பார்" என்று போய்விட்டா. நியாயம்தான்.

ஆகவே இந்த முறை படம் இல்லை. உன் பதில்கள் எல்லாவற்றையும் வாசித்தேன். பாஸ்போட்டைப் பற்றியதையும் வாசித்தேன். அதற்குப் பதில் வேறொரு நாள் எழுதுகிறேன், இப்போது நேரமில்லை. கீழே உள்ளதை நாதனுக்கு வாசித்துக் காட்டு.

நாதன்,

எழுபத்தைந்தாம் ஆண்டு எங்கள் ஐயா தண்ணீர் இறைக்கிற புது மிசின் வாங்கி மிளகாய்க்கு இறைத்தது உனக்கு மறந்திருக்காது. விடிய மிசின் தொடங்கினால் உடையார்கட்டு வரைக்கும் சத்தம் கேட்கிறது என்று ஐயாவுக்குப் பெருமை. ஆனால் கடைசிப் பாத்திக் கன்றெல்லாம் வாடி விழுந்தது. மண்ணெண்ணெய் கலப்படம் என்றார். மிசினைக் கழற்றிப் பூட்டினார். சத்தம் இன்னும் கூடியது, கன்று இன்னும் வாடியது. பிறகு நீதான் கிணற்றடியில் நின்று, "ஐயா, கிணத்துக்குள்ளை தண்ணி விழுற சத்தம் கேக்குது" என்றாய். வாய்க்கால் தொடங்குகிற இடத்திலேயே எலி வளை. மிசின் அள்ளி ஊற்றிய தண்ணீர் வளையால் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே விழுந்தது. அதையே மிசின் திரும்ப அள்ளியது. நாள் முழுக்க ஓடிற்று, தோட்டத்துக்குப் போகவில்லை.

உன் வால்வு அந்த வளைதான். அதைத் திறந்து விட்டுவிட்டு மிசினை வைத்தால் அது நன்றாக ஓடும். சத்தமும் நன்றாகக் கேட்கும். இரத்தம் இதயத்துக்கும் மிசினுக்கும் இடையில் சுற்றிக்கொண்டிருக்கும். உன் காலுக்கும் மூளைக்கும் போகாது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். வளை வேறு, இதயத்தின் வாசல் வேறு, மிசின் நின்றால் அந்த வாசலால் என் இதயம் தானாகத் தள்ளும் என்பாய். எவ்வளவு தள்ளும்? இப்போது அதுதானே தனியே தள்ளிக்கொண்டிருக்கிறது? கட்டிலை விட்டு எழும்ப அது போதவில்லை. மிசின் நிற்கக்கூடிய ஒரு நாளை நினைத்து, அது ஓடுகிற எல்லா நாளும் உன்னைக் காயவிடப் போகிறாயா?

கரண்டை நம்பாதே என்று சொல்லும் உரிமை உன்னைவிட எனக்குத்தான் அதிகம். ஒன்பது வருடம் இருட்டில் இருக்கிறேன். நான் சொல்கிறேன், நம்பு. கரண்ட் போனால் பற்றறி இருக்கிறது. பற்றறி போனால் கலிஸ்ராவின் கை இருக்கிறது.

இந்த இடத்தில் அவள் வாசிப்பதை நிறுத்தப் பார்ப்பாள். நிறுத்த விடாதே. அந்தக் கை உன்னை ஒருமுறை படியிலிருந்து தூக்கியிருக்கிறது. உன் சத்தியத்துக்காக ஏழு வருடம் என் பழியைச் சுமந்திருக்கிறது. நான் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதில் தொங்கலாம். அதில் உனக்குக் குறைவில்லை.

மூடச் சொல்.

அக்கா

*

டோட்முண்ட்
18 ஏப்ரல் 1999

அன்புள்ள மச்சாளுக்கு,

இந்த முறை தாள் வீணாகவில்லை.

உங்கள் கடிதம் மாதக் கடைசி நாள் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். எலி வளை வந்ததும் இவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "ஐயா கராச்சுக்காரன் சிவராசாவோட சண்டைக்கே போயிட்டார், பழைய மிசினைப் புதுசெண்டு வித்துப்போட்டான் எண்டு" என்றார். பிறகு நீங்கள் சொன்ன அந்த இடத்தில் நான் நிறுத்தினேன். "வாசி" என்றார். "அவா எழுதினதை வாசி, ஒரு சொல்லும் விடாதை." வாசித்தேன். முடிந்ததும் திரும்ப ஒரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு மணியை அமத்தித் தாதியைக் கூப்பிட்டு, தன்னுடைய உடைந்த ஜேர்மனில் தானே சொன்னார், "கதவை மூடுங்கோ" என்று. அந்தப் பிள்ளை திரும்பிப் போய் அறைக்கதவை மூடியது. நான்தான் விளங்கப்படுத்தினேன்.

ஒப்பரேசன் முடிந்துவிட்டது. நெஞ்சில் காது வைக்கத் தேவையில்லை, அறைக்குள் நுழைந்தாலே சத்தம் கேட்கிறது. முகத்தில் நிறம் வந்திருக்கிறது. காலில் வீக்கம் வற்றிவிட்டது. நேற்று நடைபாதையின் முடிவு வரைக்கும் நடந்தார். நான் பின்னாலே பற்றறிப் பையோடு.

பட்டியைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். "இந்தக் கோலத்திலை நான் வவுனியாச் சந்தியிலை இறங்கினால் ஒரு சனமும் எனக்குக் கிட்ட நிக்காது. பஸ்ஸிலை சீற் முழுக்க எனக்குத்தான்" என்கிறார். வடிவம்மா அக்காவிடம் எங்களுக்காக மன்னிப்புக் கேளுங்கள்.

கலிஸ்ரா

*

விசுவமடு
9 மே 1999

அன்புள்ள கலிஸ்ராவுக்கு,

நல்ல செய்தி. வாசித்து முடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டேன். வகுப்பில் அன்று பாய்பொருள் அமுக்கம் பாடம் இல்லை, ஆனாலும் அதைத்தான் படிப்பித்தேன். என் தம்பிக்குள் இருப்பது என்று சொல்லவில்லை. ஒரு பம்ப் என்று மட்டும் சொன்னேன்.

நாதனின் பகிடிகளைக் கடிதத்தில் எழுத விடாதே. இதை இடையில் வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் பகிடி விளங்காது.

பாஸ்போட்டைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். பல நாள் யோசித்தேன். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் ஒளித்திருப்பேன். சத்தியத்தைக் காப்பாற்றியிருப்பேனா என்பதுதான் தெரியவில்லை. எனக்கு நாக்குக் கொஞ்சம் நீளம்.

வடிவம்மாவுக்கு வேறு திகதி கிடைத்துவிட்டது. இந்த முறை கடிதம் ஒன்றும் கொடுக்கவில்லை. சாவடியில் அவவை ஞாபகம் வைத்திருந்து, "இண்டைக்குப் படம் இல்லையோ, அம்மா?" என்று கேட்டார்களாம். திரும்பி வந்து அதை என்னிடம் சொல்லிச் சிரித்தா. ஆகவே என்னோடு திரும்பக் கதைக்கிறா.

கையைப் பழக்குவதை நிறுத்தாதே.

மச்சாள்

*

டோட்முண்ட்
6 ஓகஸ்ட் 1999

அன்புள்ள மச்சாளுக்கு,

முதலில் சொல்லிவிடுகிறேன், இவர் சுகம். எனக்குப் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரிக்கிறார். எழுதுவது கொஞ்சம் கோணலாக இருக்கும், வலது கை இன்னும் சரிவரவில்லை.

போன சனிக்கிழமை, ஜூலைக் கடைசி நாள், சந்தைக்குப் போய்விட்டு ட்ராம் தரிப்பில் நின்றோம். நல்ல வெயில். மிசின் கத்தத் தொடங்கியது. பற்றறியை மாற்றினேன். கத்தல் நிற்கவில்லை. மற்றதையும் மாற்றினேன். அப்போது கத்தலுக்குள் அந்த டக் டக் சத்தம் இல்லை என்று தெரிந்தது. இவர் என்னைப் பார்த்தார். "கலிஸ்ரா, நிண்டிட்டுது" என்றார். அவ்வளவு அமைதியாகச் சொன்னார். அப்படியே வாங்குப் பலகையில் சாய்ந்துவிட்டார்.

எனக்குப் பயம் வந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பயப்பட நேரம் இருக்கவில்லை. சட்டையைத் தூக்கினேன், வயரைக் கழற்றினேன், குமிழைக் கொழுவினேன், அடித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு ஜேர்மன் கிழவியிடம் அம்புலன்சுக்கு அடி என்று கத்தினேன். தமிழில் கத்தியிருக்கிறேன். அந்த மனுசி விளங்கிக்கொண்டு ஓடியது.

கொஞ்சத்தில் கண்ணைத் திறந்தார். அந்த வாசலையும் மூடியாச்சு, மச்சாள். உள்ளே போகிற ஒவ்வொரு சொட்டும் என் கையால்தான் போகிறது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பேசாமல் இருக்கலாம்தானே? இல்லை.

"கை நோகுதோ?"

"வாயை மூடுங்கோ."

"மற்றக் கைக்கு மாத்தன்."

"மாத்துற நேரம் எனக்குத் தெரியும். சும்மா கிடவுங்கோ."

"கெதியா அடிக்கிறாய். எனக்குத் தலை சுத்துது."

"காசு வாங்கிக்கொண்டே அடிக்கிறன்? அடிக்கிறபடிதான் அடிப்பன்."

சிரித்தார். என் கையில் உயிரை வைத்துக்கொண்டு சிரிக்கிறார். நானும் சிரித்துவிட்டேன், ஆனால் பிடியை விடவில்லை. எங்கள் அப்பு கரைக்கு வந்தால் வலையிலிருந்து மீன் கழற்றி முடியும்வரைக்கும் வீட்டில் ஒருவருக்கும் கை ஓயாது, அப்படி வளர்ந்த பிள்ளை நான். அம்புலன்ஸ் வந்தது. அவர்கள் வாங்க வந்தபோதும் நான் கொடுக்கவில்லை. ஏறியும் அடித்தேன், இறங்கியும் அடித்தேன். ஆஸ்பத்திரியில் வேறு இணைப்புப் பூட்டி, மிசின் திரும்பச் சத்தம் போட்ட பிறகுதான் விட்டேன். விரல் விரியவில்லை. ஒரு தாதி ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தா.

டொக்டர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கப் போனார், நான் கத்திவிட்டேன், அவ்வளவு நோ. இவர் கட்டிலில் படுத்தபடி எல்லோருக்கும் சொல்கிறார், "என்ர மனிசி, என்ர மனிசி" என்று. தொங்கமாட்டேன் என்று திரும்பிப் படுத்த அதே மனிசன்.

உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்குக்கூட இன்னும் எழுதவில்லை.

உங்கள் மச்சாள்,
கலிஸ்ரா

*

விசுவமடு
29 ஓகஸ்ட் 1999

அன்புள்ள மச்சாளுக்கு,

பாதை பூட்டியிருந்ததால் உன் கடிதம் தாமதமாக வந்தது. பாடசாலை வாசலில் வைத்துத்தான் கையில் கிடைத்தது. நின்றபடியே வாசித்தேன். முதல் வரியை நீ அப்படி எழுதியது நல்லது. இல்லாவிட்டால் மீதியை வாசித்திருக்க மாட்டேன்.

நான் அதிகம் எழுதத் தெரியாதவள். சூடு தண்ணீரில் உப்புப் போட்டுக் கையை வைத்திரு. பாரம் தூக்காதே. நாதனை உரிக்க விடு, தோடம்பழம் மட்டுமல்ல, வெங்காயமும்.

கொட்டிலுக்குள் வந்து கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் அதிபர் தில்லைநாதன் வந்தார். அவரை உனக்குத் தெரியாது. ஊர்க் கதை எல்லாம் அவரிடம் வந்துதான் போகும். மற்ற ஆசிரியர்களும் கொட்டிலுக்குள் இருந்தார்கள்.

"என்ன ரீச்சர், தம்பியார் இப்ப மிசினிலையாம் சீவிக்கிறார்?" என்றார்.

"ஓம். மிசினிலைதான்."

"மிசின் நிண்டால்?"

"போன மாசம் நிண்டது" என்றேன்.

அவருக்கு முகம் மாறிவிட்டது. அனுதாபம் சொல்லத் தயாரானார். கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டார்.

"இருக்கத் தேவையில்லை. அவன் சுகமாயிருக்கிறான். என்ர மச்சாள் கையாலை அடிச்சுக் கொண்டுவந்து சேத்தவ."

"மச்சாளோ? உங்களுக்கு மச்சாள் இருக்கிறாவோ? ஒரு நாளும் சொன்னதில்லையே."

"இருக்கிறா. முல்லைத்தீவு. மாதா கோயிலுக்குப் போற வேதக்காரப் பெட்டை. கலிஸ்ரா."

மற்ற ஆசிரியர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பெயரை இன்னொரு தரம் சொன்னேன். அதிபருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

உன் மச்சாள்,
சிவலட்சுமி